தாராசுரத்துல 48 லட்சத்துக்கு ஒரு இடிஞ்ச வீடு: கணக்கு போட்டு பாத்தது

போன ஐப்பசில மச்சான் பெங்களூர்ல இருந்து போன் பண்ணான். "மாமா, தாராசுரத்துல ஒரு பழைய வீடு வந்திருக்கு, ஐராவதேஸ்வரர் கோயிலுக்கு பக்கத்து தெரு, 48 லட்சம் சொல்றாங்க, நீங்க ஒரு தடவ பாத்துட்டு சொல்லுங்க"ன்னான். நான் திருச்சில கட்டட வேலைல சூப்பர்வைசரா இருக்கேன், 14 வருஷமா பழைய வீடு இடிக்கிறது ரிப்பேர் பண்றது ரெண்டும் பாத்திருக்கேன், சொந்த ஊரும் கும்பகோணம் பக்கம்தான், அதனால இந்த மாதிரி வீடு வந்தா குடும்பத்துல முதல்ல என்னைத்தான் கேப்பாங்க. இந்த வீட்டுக்காக மூணு தடவ போய்ட்டு வந்தேன். யாராவது இதே மாதிரி கோயில் பக்கத்துல பழைய வீடு பாத்துட்டு இருந்தா உதவும்னு முழுசா எழுதுறேன்.

வீடு இப்படி. அகலம் 22 அடி, நீளம் 110 அடி, ஆக 2420 சதுர அடி, ஒரு கிரவுண்டுக்கு கொஞ்சம் மேல. தெரு வாசல் திண்ணை, ரேழி, கூடம், சின்னதா ஒரு முற்றம், அதுக்கு பின்னாடி சமையக்கட்டு, கிணறு, கொல்லை. முன்பாதி மெட்ராஸ் டெரஸ், அதாவது மர உத்தரத்து மேல செங்கல் சுண்ணாம்பு தளம், பின்பாதி ஓடு. கூடத்துல தரைக்குள்ள ஒரு குழித்தறி, ஏன்னா இது பட்டு நெசவு பண்ண சௌராஷ்டிரா குடும்பத்து வீடு, தாராசுரம் முழுக்க அந்த நெசவுதான். விக்கிறவர் அந்த குடும்பத்து பேரன், வேற ஊர்ல வேலை. வீடு பூட்டி 11 வருஷம் ஆச்சு.

புரோக்கர் சொன்னது மூணு விஷயம். ஒண்ணு, மனை விலையே சதுர அடி 2500 போகுது, நீங்க 2000க்கும் கீழ வாங்குறீங்க, வீடு உங்களுக்கு சும்மா கிடைச்ச மாதிரி. ரெண்டு, உள்ள இருக்கிற தேக்கு மரத்த வித்தாலே 6 லட்சம் வரும், இடிச்சிட்டு புதுசா மாடி கட்டலாம். மூணு, 2028ல மகாமகம் வருது, கும்பகோணம் கார்ப்பரேஷன் ஆயிடுச்சு, நாளைக்கு மாவட்டமும் ஆகும், ஹோம்ஸ்டே போட்டா அள்ளிடலாம். மச்சானுக்கு மூணாவது ரொம்ப பிடிச்சிருந்தது. எனக்கு ரெண்டாவது தான் உறுத்திச்சு, ஏன்னு பின்னாடி சொல்றேன்.

முதல் தடவ நல்ல மழைல தான் போனேன், வேணும்னே. பழைய வீட்ட பங்குனி சித்திரைல பாத்தா எல்லா சுவரும் நல்லாத்தான் இருக்கும், அடைமழைல பாத்தா தான் வீடு உண்மைய சொல்லும். கையில ஒரு டார்ச், 30 மீட்டர் டேப்பு, பெரிய ஸ்க்ரூடிரைவர், அவ்வளவுதான்.

வாசல்லயே முதல் சேதி கிடைச்சது. திண்ணைக்கு மூணு படி இருந்திருக்கு, இப்ப வெளில தெரியறது ஒண்ணே ஒண்ணு, மீதி ரெண்டும் ரோட்டுக்கு அடியில. ஒவ்வொரு தடவ ரோடு போடும்போதும் பழைய தார சுரண்டி எடுக்காம மேலயே போட்டு போட்டு தெரு உசந்துடுச்சு. டேப்பு வச்சு பாத்தேன், கூடத்து தரை ரோட்ட விட 7 இஞ்ச் பள்ளம். மழைத்தண்ணி ரேழி வழியா உள்ள வந்து நேரா அந்த குழித்தறிக்குள்ள இறங்கி நிக்குது. முழங்கால் ஆழத்துக்கு தண்ணி, அதுல தறியோட மிதிகட்டை ஒண்ணு மிதந்துட்டு இருந்தது. எத்தனையோ முகூர்த்த புடவை நெஞ்ச குழி அது, பாக்கவே மனசு கஷ்டமா இருந்தது. ஆனா மதிப்பு போட வந்தவனுக்கு அந்த குழி சொல்றது வேற விஷயம், வருஷா வருஷம் நாலு மாசம் வீட்டோட நடுவுல ஒரு தொட்டி தண்ணி நின்னிருக்கு, அஸ்திவாரம் அத குடிச்சிட்டே இருந்திருக்கு.

அதோட பலன் சுவர்ல இருக்கு. தரைல இருந்து நாலு அடி உயரத்துக்கு ஈரம் ஏறி, அதுக்கு மேல வெள்ளையா உப்பு பூத்து, பூச்சு அப்பளம் மாதிரி உரியுது. செங்கல்லு சுண்ணாம்பு காரைல கட்டின சுவர், அந்த காலத்து சுவர் ஈரத்த வாங்கும், வெயில் அடிச்சா விட்டுடும். நடுவுல யாரோ கீழ நாலு அடிக்கு சிமெண்ட் பூசி வச்சிருக்காங்க, அது ஈரத்த வெளில விடாம உள்ளயே அடைச்சு மேல தள்ளியிருக்கு. இந்த தப்ப எல்லா ஊர்லயும் பாக்குறேன். சிமெண்ட எல்லாம் கொத்தி எடுத்துட்டு மறுபடியும் சுண்ணாம்புலயே பூசணும், அதுக்கு தெரிஞ்ச கொத்தனார் இப்ப கம்மி, கூலியும் அதிகம்.

அடுத்து கூரை. மெட்ராஸ் டெரஸ்ல உத்தரத்து மேல செங்கல்ல நிறுத்தி வச்சு சுண்ணாம்புல அடுக்கியிருப்பாங்க, அதனால மொத்த பாரமும் அந்த மரத்து மேலதான், மரத்துக்கு உயிர் முடியறது எப்பவும் சுவருக்குள்ள போற நுனில. ஏணி போட்டு ஏறி ஒவ்வொரு நுனியா ஸ்க்ரூடிரைவரால குத்தி பாத்தேன். ஒன்பது உத்தரத்துல ஆறு கெட்டியா இருந்தது, மீதி மூணு உத்தரத்துல ஸ்க்ரூடிரைவர் ரெண்டு இஞ்ச் ஆழம் சத்தமே இல்லாம உள்ள போச்சு, இழுத்தா கறையான் மண்ணு கொட்டுது. நடுவுல தட்டி பாத்தா அந்த மூணுமே நல்லாத்தான் கேக்கும், அதனால தட்டி மட்டும் பாத்துட்டு யாரும் சர்டிபிகேட் குடுக்காதீங்க. பின்பக்க ஓட்டுக்கூரை இன்னும் மோசம், கைமரம் எல்லாம் பனை, ரெண்டு மூணு இடத்துல வளைஞ்சு தொங்குது.

புரோக்கர் சொன்ன 6 லட்சம் தேக்க தேடினேன். முற்றத்து தூண் நாலுல ரெண்டு தேக்கு, ரெண்டு வேம்பு, பெயிண்ட் அடிச்சதால எல்லாம் ஒண்ணு மாதிரி தெரியுது. வாசக்கால் நல்ல தேக்கு, வேலைப்பாடும் இருக்கு. போட்டோ எடுத்து பழைய மரம் வாங்குற ரெண்டு பேருக்கு அனுப்பினேன், அதிகமா கேட்டவர் 1 லட்சத்து 10 ஆயிரம், அதுவும் கழட்டி லாரில ஏத்தி குடுத்தா.

இன்னொண்ணு, ரெண்டு பக்கமும் பொதுச்சுவர். தெக்கு வீட்டுக்காரர் உத்தரம் நம்ம சுவர்ல தான் உக்காந்திருக்கு. இத இடிக்கணும்னா அவர் வீட்டுக்கு முட்டு குடுத்துட்டு தான் கை வைக்கணும்.

இதெல்லாம் பாத்துட்டு, சரி செலவாகும், ஆனா பண்ணலாம்னு நெனச்சுட்டு தான் வெளில வந்தேன். கோயில ஒரு சுத்து சுத்திட்டு போலாம்னு போனப்ப வாசல்ல ஏஎஸ்ஐ போர்டு, அதாவது இந்திய தொல்லியல் துறை போர்டு. அப்பதான் பொறி தட்டிச்சு. ஐராவதேஸ்வரர் கோயில் ரெண்டாம் ராஜராஜன் காலத்து கோயில், 12ஆம் நூற்றாண்டு, 2004ல யுனெஸ்கோ லிஸ்ட்ல சேர்ந்தது, மத்திய தொல்லியல் துறை பாதுகாப்புல இருக்கு. அப்படி பாதுகாக்கப்பட்ட சின்னம்னா 2010ல திருத்தின சட்டப்படி எல்லைல இருந்து 100 மீட்டர் வரைக்கும் தடை செய்யப்பட்ட பகுதி, அதுக்கு மேல இன்னொரு 200 மீட்டர் கட்டுப்பாட்டு பகுதி. நூறுக்குள்ள புதுசா எதுவும் கட்ட முடியாது, மேல ஒரு மாடி ஏத்தறதும் பக்கத்துல ஒரு ரூம் இழுக்கறதும் கூட புது கட்டடம்னு தான் கணக்கு. இடிச்சிட்டு அதே அளவுல திருப்பி கட்டுறதும் முடியாது, அது 200 மீட்டர் பகுதில மட்டும்தான் அனுமதி வாங்கி பண்ணலாம். நூறுக்குள்ள கிடைக்கிறது ரிப்பேரும் புதுப்பிக்கிறதும் மட்டும், அதுவும் 1992 ஜூன் 16க்கு முன்னாடியே இருந்த, இல்ல அதுக்கு அப்புறம் தொல்லியல் துறை அனுமதியோட கட்டின கட்டடமா இருக்கணும், தேசிய நினைவுச்சின்ன ஆணையத்தோட பரிந்துரைல முன்கூட்டியே என்ஓசி, அதாவது ஆட்சேபணை இல்லைங்கற அனுமதி வாங்கணும். மீறினா 2 வருஷம் வரை ஜெயில் இல்லனா 1 லட்சம் வரை அபராதம், ரெண்டும் சேர்ந்தும் வரலாம்.

புரோக்கர்கிட்ட கேட்டேன். "அதெல்லாம் 120 மீட்டர் தாண்டி இருக்கு சார், அளந்தாச்சு"ன்னார். எங்கருந்து அளந்தீங்கன்னா கோபுரத்துல இருந்தாம். சட்டம் அளக்குறது கோபுரத்துல இருந்தோ மூலஸ்தானத்துல இருந்தோ கிடையாது, பாதுகாக்கப்பட்ட எல்லை எங்க முடியுதோ அங்கருந்து. நான் காம்பவுண்ட்ல இருந்து டேப்பு பிடிச்சு ரெண்டு தடவ அளந்தேன், 64 மீட்டர். எல்லை எதுன்னு தொல்லியல் துறை ஆபீஸ்ல எழுத்து மூலமா கேட்டு வாங்கினா தான் முடிவு, ஆனா காம்பவுண்டே 64 மீட்டர்ல இருக்குன்னா எல்லை அத விட ரொம்ப உள்ள தள்ளி இருக்கும்னு நான் நம்பல.

இந்த ஒரு நம்பர் மொத்த கணக்கையும் தலைகீழா போட்டுடுச்சு, இந்த இடம் தான் மச்சானுக்கு ரொம்ப நேரம் புரியவச்சேன். சாதாரணமா இடிஞ்ச வீடு வாங்குறோம்னா மனைக்கு விலை குடுக்குறோம், வீடு ஒரு தொந்தரவு, இடிச்சு தள்ளிட்டு வேலைய பாப்போம். இங்க வீட்ட இடிச்சா கையில மிஞ்சறது எதுவுமே கட்ட முடியாத ஒரு காலி மனை, அதுக்கு சதுர அடி 2500 யாரும் தரமாட்டாங்க. அந்த உப்பு பூத்த சுவரும் கறையான் அரிச்ச உத்தரமும் நிக்கிற வரைக்கும் தான் அங்க நமக்கு உரிமையே. ரிப்பேர் பண்ண ஒரு வீடு இருந்தா தான ரிப்பேர். நாளைக்கு மழைல பின்பக்கம் மொத்தமா விழுந்துடுச்சுன்னு வைங்க, அத திருப்பி எழுப்புறத ரிப்பேர்னு ஒத்துக்குவாங்களான்னு நம்பி பணம் போட முடியாது. ஜாக்கி வச்சு வீட்ட தூக்கி ரோட்டு மட்டத்துக்கு மேல கொண்டுவரலாமான்னு மச்சான் கேட்டான், நல்ல கேள்விதான், ஆனா காரைச்சுவர் பொதுச்சுவர் வீட்டுல அது ஆபத்து, உயரம் கூடுறதால ரிப்பேர்ங்கற வரம்புக்குள்ளயும் வராது. அப்ப ரோட்டு தண்ணிக்கு வாசல்ல ஒரு தடுப்பும், குழிய மூடி, உள்ள இருந்து கொல்லைக்கு ஒரு வடிகாலும் தான் வழி.

பத்திரம் பக்கம் வருவோம். முதல்ல நான் பாத்தது அடிமனை கோயிலோடதான்னு, கும்பகோணம் ஸ்ரீரங்கம் மாதிரி ஊர்கள்ல வீடு மட்டும் நம்மளோடது மனை கோயிலுக்கோ மடத்துக்கோ சொந்தம்ங்கறது சகஜம், அப்படின்னா பேச்சே வேண்டாம். நல்லவேளையா இது நத்தம், அதாவது ஊர் குடியிருப்பு நிலம், பட்டா விக்கிறவரோட தாத்தா பேர்ல. வில்லங்கம் ஆன்லைன்ல கிடைச்ச வருஷம் வரைக்கும் பாத்தோம், அதுக்கு முன்னாடி உள்ளதுக்கு சப் ரிஜிஸ்டிரார் ஆபீஸ்ல மனு போட்டோம். தாத்தா 1961ல கிரயம் வாங்கினது வந்துடுச்சு, அதுல "ஓட்டுவில்லை வீடும் மனையும்"னு தெளிவா எழுதியிருக்கு. அந்த ஒரு வரி நமக்கு தங்கம், 1992க்கு முன்னாடியே வீடு இருந்ததுக்கு அதுதான் சாட்சி, கூடவே பழைய வீட்டு வரி ரசீது, கரண்டு கார்டு.

சிக்கல் அதுக்கு அப்புறம். தாத்தா 1984ல உயில் எழுதாம இறந்துட்டார். மூணு பையன் ரெண்டு பொண்ணு. பசங்க மூணு பேரும் பங்கு பிரிச்சு ஒரு கூர்சீட்டு எழுதி, இந்த வீடு மூத்தவருக்குன்னு முடிச்சிக்கிட்டாங்க, ரிஜிஸ்டர் பண்ணல, பொண்ணுங்க கையெழுத்தும் இல்ல. தாத்தா சொந்தமா சம்பாதிச்சு வாங்கின சொத்து, உயில் இல்லனா 1956 இந்து வாரிசுரிமை சட்டப்படியே பொண்ணுங்களுக்கும் சம பங்கு, பூர்வீக சொத்துல பொண்ணுங்களுக்கு பங்கு குடுத்த 1989 திருத்தம் 2005 திருத்தம் எதுவும் இதுக்கு தேவையே இல்ல. வக்கீல் உக்காந்து எண்ணினார். மூத்தவர் இறந்துட்டார், அவருக்கு மனைவி, விக்கிற பேரன், அவர் தங்கச்சி, ஆக 3. சித்தப்பாங்க 2. ஒரு அத்தை 1. இன்னொரு அத்தை இறந்துட்டாங்க, அவங்க வீட்டுக்காரரும் நாலு பிள்ளைங்களும் 5. மொத்தம் பதினோரு கையெழுத்து. அதுல ஒருத்தர் ஷார்ஜால, அவர் அந்த நாட்டுல இருக்கிற இந்திய தூதரகத்துல பவர் எழுதி அனுப்பணும், அது இங்க வந்து சேர்ந்த மூணு மாசத்துக்குள்ள முத்திரை கட்டணும். விக்கிறவர் கையில இருந்தது சித்தப்பாங்க குடுத்த பவர் மட்டும்.

ரெண்டாவது தடவ போனப்ப அந்த அத்தைய கும்பகோணத்துல போய் பாத்தேன். 78 வயசு. நான் விஷயத்த சொன்னதும் கொஞ்ச நேரம் பேசல. "அந்த தறில தான் தம்பி நான் பாவு புணைக்க கத்துக்கிட்டேன், வீட்ட விக்கிறாங்கன்னு நீங்க சொல்லித்தான் எனக்கு தெரியுது"ன்னாங்க. அவங்களுக்கு விக்கிறதுல ஆட்சேபணை இருந்த மாதிரி தெரியல, கேக்கலையேங்கறது தான் வருத்தம். அவங்க கையெழுத்து இல்லாம இந்த வீட்ட வாங்குறது சட்டப்படி தப்புங்கறத விட, அந்த முகத்த பாத்த அப்புறம் எனக்கு மனசு வரல. புரோக்கர் ரெண்டு லட்சம் டோக்கன் போட சொல்லி அவசரப்படுத்தினார், பதினோரு பேரும் ஒரே அக்ரிமெண்ட்ல வந்தா தான் ஒரு ரூபாயும்னு சொல்லிட்டேன். பத்திரத்துல கம்மியா காட்டிட்டு மீதிய கையில குடுக்கலாம்ங்கற பேச்சும் வந்தது, அதுவும் கிடையாதுன்னுட்டோம், சொத்து விக்க 20,000 ரூபாயோ அதுக்கு மேலயோ ரொக்கமா வாங்கினா வாங்கினவருக்கு அதே அளவு அபராதம், நமக்கோ நாளைக்கு விக்கும்போது வாங்கின விலையே கம்மியா நிக்கும்.

இப்ப பணக்கணக்கு. கேட்ட விலை 48 லட்சம். முத்திரை 7, பதிவு 2, ஆக 9 சதவீதம், 4.32 லட்சம். புரோக்கர் 1 சதவீதம் 48 ஆயிரம், வக்கீல் மத்த செலவு 30 ஆயிரம். வீட்டுக்குள்ள கால் வைக்கும்போதே 53.10 லட்சம். ரிப்பேருக்கு நான் போட்டது: ஓட்டுக்கூரை மொத்தமா பிரிச்சு புது சட்டம் ரீப்பர் போட்டு மாட்ட 4.5 லட்சம், மெட்ராஸ் டெரஸ் மூணு உத்தரம் மாத்தி மேல பாவின தட்டை ஓட்ட சரி பண்ண 3 லட்சம், சுண்ணாம்பு பூச்சு 4 லட்சம், ரெண்டு பாத்ரூம் 3 லட்சம், வயரிங் 1.8, பைப்பும் செப்டிக் டேங்கும் 1.5, தரை 2, கதவு ஜன்னல் மரவேலை 2.2. கூட்டினா 22 லட்சம். பழைய வீட்டுல பூச்ச உரிச்ச அப்புறம் தான் உள்ள என்ன இருக்குன்னே தெரியும், அதனால 20 சதவீதம் மேல வைக்காம நான் யாருக்கும் எஸ்டிமேட் தர்றதில்ல, 26.4 லட்சம். ஆக மொத்தம் 79.5 லட்சம், என்ஓசிக்கு ஆகுற மாசங்கள கணக்குல சேக்காமலேயே.

வரவு என்ன. அந்த தெருவுல குடும்பத்துக்கு வாடகைக்கு விட்டா 10,000 கிடைக்கும், வருஷத்துக்கு 1.2 லட்சம், போட்ட பணத்துல ஒன்றரை சதவீதம். ஹோம்ஸ்டேன்னா மூணு ரூம், ஒரு ராத்திரிக்கு 2000, ஒரு ரூம் வருஷத்துல 110 நாள் நிறையும்னு வச்சேன். தாராசுரத்துக்கு வர்றவங்க முக்காவாசி பேர் கோயில பாத்துட்டு கும்பகோணத்துலயோ தஞ்சாவூர்லயோ போய் தங்கிடுவாங்க, அதனால இதுவே தாராளம். 6.6 லட்சம் வரும். அதுல பாத்துக்க ஒரு ஆளு 1.44 லட்சம், கரண்டு 60 ஆயிரம், துணி துவைக்க சுத்தம் பண்ண 66 ஆயிரம், புக்கிங் கமிஷன் 15 சதவீதம் 99 ஆயிரம், வருஷா வருஷம் மராமத்து 60 ஆயிரம், வரி 10 ஆயிரம். போக நிக்கிறது 2.21 லட்சம், 2.8 சதவீதம் கூட முழுசா இல்ல. அதே பணத்த பேங்க்ல எஃப்டில 6.5க்கு போட்டா 5 லட்சத்துக்கு மேல. மகாமகத்த பத்தி மச்சான் விடாம கேட்டான். 2028 மாசில ஊர் நிறைஞ்சு வழியும், 2016ல நானே பாத்தேன், அந்த பத்து நாள்ல ஒரு ரூமுக்கு கேட்ட காசு கிடைக்கும். ஆனா அது பன்னெண்டு வருஷத்துக்கு ஒரு தடவ.

நில விலை ஏறுமே, அத சேக்கலையேன்னா, சேத்து பாத்தேன். ஆனா நாளைக்கு நம்மகிட்ட வாங்க வர்றவரும் இதே 64 மீட்டர்ல தான் நிப்பார், அவருக்கும் மாடி கட்ட முடியாது, பில்டர் யாரும் வரமாட்டாங்க. பக்கத்து ஏரியா ஏறுற வேகத்துல இது ஏறும்னு நான் எழுதி குடுக்க மாட்டேன்.

அதனால தலைகீழா போட்டோம். வீடும் கோயிலும் பிடிச்சிருக்கு, லாபம் குறைஞ்சாலும் பரவால்ல, 4 சதவீதமாவது நிக்கணும்னா மொத்த செலவு 55 லட்சத்த தாண்டக்கூடாது. அதுல ரிப்பேர் 26.4 போனா 29 லட்சம் சுமார், பதிவு கமிஷன் வக்கீல் செலவு கழிச்சா வீட்டுக்கு 26 லட்சம். அதான் எங்க நம்பர். என்ஓசி கிடைச்ச அப்புறம் தான் கிரயம், பதினோரு பேரும் கையெழுத்து, இந்த ரெண்டு நிபந்தனையோட சொன்னோம். விக்கிறவருக்கு கோவம், பாதிக்கு பாதி கேக்குறீங்கன்னார். நான் அந்த உத்தரத்து போட்டோவும் அளவும் எடுத்து காட்டினேன், அவரே எஃப்டி கணக்கு போட்டு பாக்கட்டும்னு பேப்பரையும் குடுத்துட்டு வந்தேன். பொங்கலுக்கு அப்புறம் புரோக்கர் 42ன்னார். மச்சான் 30 வரைக்கும் போலாமான்னு ரெண்டு நாள் தவிச்சான், அவன் ஆசை எனக்கும் புரியுது, அந்த கூடத்துல உக்காந்தா கோயில் விமானம் தெரியும், ஆனா ஒவ்வொரு லட்சமும் எங்கருந்து வரும்னு கேட்டப்ப அவனே விட்டுட்டான்.

போன மாசம் ஒரு கல்யாணத்துக்கு போனப்ப மூணாவது தடவ அந்த தெருவுல நின்னேன். பின்பக்க ஓட்டுக்கூரை நடுவுல உள்வாங்கிடுச்சு, மேல நீல தார்ப்பாய் போட்டு கல்லு வச்சிருக்காங்க. புரோக்கர் பாத்துட்டு 38க்கு பேசி முடிச்சிடலாம்னார். அத்தை கையெழுத்து போட்டாங்களான்னு கேட்டேன், இன்னும் அவங்கள யாரும் போய் பாக்கலையாம். கூரை அந்த நிலைமைல இருக்கிறதால எங்க 26ல ரெண்டு லட்சம் குறைச்சு 24ன்னு நோட்டுல மாத்தி எழுதி வச்சிருக்கேன்.